1958 ஜோன்சன் 10 குதிரைவலு அவுட்போர்ட்: ஒரு புளக்கில்தான் பொறி, காபுரேட்டரும் ஒழுகுது

ஏரிக்கரையான் (ஸ்கார்பரோ)

வணக்கம் உறவுகளே,

கவர்த்தா ஏரிப் பக்கத்துக் கொட்டில் ஒன்றில் கனகாலம் கிடந்த ஜோன்சன் 10 குதிரைவலு படகு மோட்டர் ஒன்றைத் திருத்தி ஓட்ட வேண்டும். கிளாம்பில் உள்ள தகட்டில் கியூடி-19 என்றும் பீற்றர்பரோ, ஒன்ராறியோ என்றும் அடித்திருக்கு. தேடிப் பார்த்ததில் 1958 மொடல். இரண்டு சிலிண்டர், முன், நியூட்ரல், பின் மூன்றும் உண்டு. நன்னீரில் மட்டும் ஓடியதாகத்தான் தெரியுது, வெளியில் உப்பு அரிப்பு இல்லை.

இப்போதைய நிலை இதுதான். கயிறு இழுத்தால் தாராளமாகச் சுற்றுது. கம்பிரஷன் மேல் சிலிண்டர் 82 பிஎஸ்ஐ, கீழ் 78. மேல் புளக்கில் மெல்லிய மஞ்சள் மின்பொறி, கீழ் புளக்கில் ஒன்றுமே இல்லை. காபுரேட்டருக்குப் பெற்றோல் விட்டால் நிற்காமல் வாய்ப்பக்கத்தால் ஒழுகுது. கியர்பெட்டி ஒயில் பால் தேத்தண்ணி நிறம். பெற்றோல் ராங்கி இல்லை. மோட்டரில் ராங்கிக் குழாய் செருகும் இடத்தில் ஒரு வழிக்குப் பதிலாக இரண்டு வழி இருக்கு.

கேட்க விரும்புவது:
1. எதிலிருந்து தொடங்குவது?
2. பெற்றோலுக்கு ஒயில் கலவை 24:1 என்கிறார்கள் சிலர், 50:1 போதும் என்கிறார்கள் சிலர். எது?
3. பழைய ராங்கியைத் தேடி வாங்குவதா, பெற்றோல் பம்ப் ஒன்றைப் பூட்டுவதா?

பெயின்ற், ஸ்டிக்கர் எல்லாம் பிறகு.

---

காந்தச்சில்லு

முதலில் நல்ல செய்தி. 82, 78 என்றால் எஞ்சின் தலைப் பகுதியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இது 16.6 கன அங்குலம், ஏறத்தாழ 272 சிசி எஞ்சின். அந்தக் காலத்துக் குறைந்த கம்பிரஷன் வடிவமைப்பு, இன்றைய மோட்டர்களின் எண்ணை இதில் தேடக்கூடாது. இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் 10 வீதத்துக்குள் இருக்கா என்பதுதான் கணக்கு. உங்களுக்கு 5 வீதம்தான். "திருத்துகிறோம்" என்று ஹெட் போல்ட்டில் கைவைத்து, அது முறிந்து, நன்றாக இருந்த மோட்டரைக் கெடுத்துக்கொள்வதுதான் வழமையாக நடப்பது. விட்டுவிடுங்கள்.

வரிசை: பொறி, பிறகு தண்ணீர்ப் பம்பும் கியர்பெட்டியும், கடைசியாகப் பெற்றோல். பம்பைப் பார்க்காமல் "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம்" என்று இழுக்க வேண்டாம். பல வருடம் ஒரே வளைவில் கிடந்த இம்பெல்லரின் (தண்ணீர்ப் பம்பின் இதழ்ச் சில்லு) றப்பர் இறுகிப் போயிருக்கும். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சில விநாடியில் அதன் இதழ்கள் பிய்ந்து, துண்டுகள் தண்ணீர்க் குழாயை அடைக்கும்.

இனிப் பொறி. எல்லாம் மேலே சுற்றும் கனச் சில்லான ஃப்ளைவீலுக்குக் கீழே இருக்கு: இரண்டு கொயில், இரண்டு பொயின்ற் (மின்னைத் திறந்து மூடும் முனைகள்), இரண்டு கொண்டென்சர், சிலிண்டருக்கு ஒரு சோடி.

ஃப்ளைவீல் நட்டை முழுதாகக் கழற்றாமல் கிராங் தண்டின் நுனிக்குச் சமமாக வரும் வரை மட்டும் தளர்த்துங்கள், மரை நசியாது. ஃப்ளைவீலில் உள்ள மூன்று மரைத் துளையில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் பாவிக்க வேண்டும். விளிம்பில் கொழுவி இழுக்கும் நகப் புல்லர் போட்டால் ஃப்ளைவீல் வளையும், உள்ளே உள்ள காந்தமும் கழரும். புல்லரை இறுக்கிவிட்டு அதன் நடு போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

உள்ளே முதலில் கொயிலைப் பாருங்கள். 50களில் ஓஎம்சி (ஜோன்சன் செய்த கம்பனி) போட்ட கொயில்களின் வெளிப் பூச்சு காலப்போக்கில் வெடிக்கும். மயிரிழை வெடிப்பு என்றாலும் ஈரம் உள்ளே போய்ப் பொறி இரும்புக்கு ஓடிவிடும். உங்கள் கீழ்ச் சிலிண்டருக்கு அநேகமாக இதுதான் காரணம். 584477 என்ற இலக்கத்தில் மாற்றுக் கொயில் இன்றும் தாராளமாகக் கிடைக்குது, பல மொடலுக்கும் அதுதான். ஒன்று வெடித்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டாவது கொயிலுக்காக அடுத்த வருடம் திரும்பவும் ஃப்ளைவீல் இழுப்பது வீண்வேலை.

பூட்டும்போது கொயிலின் இரும்புத் தகட்டு முனைகள், கொயில் பூட்டும் காந்தத் தட்டில் கடைந்து விட்டிருக்கும் மேடுகளின் விளிம்போடு சரிமட்டமாக நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் காந்தத்தில் உரசும், உள்ளே போனால் பொறி பலவீனம். விரல் நகத்தால் தடவினாலே தெரியும். புளக் வயர் செப்புக் கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். கார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் கரி நார் வயர் இதற்கு ஆகாது, கொயிலில் உள்ள ஊசி அதற்குள் பிடிக்காது.

பொயின்ற்: உரசும் கட்டை, தண்டோடு சுற்றும் கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மில்லிமீற்றர். கேமில் "டொப்" என்று அடித்திருந்தால் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஒன்று 0.018, மற்றது 0.022 என்று விட்டால் ஒரு சிலிண்டர் பிந்தியும் மற்றது முந்தியும் வெடித்து, மெதுவோட்டம் ஒருபோதும் சீராக வராது. அளந்து முடிந்ததும் ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் நனைத்த சுத்தமான மட்டைத் துண்டைப் பொயின்றுக்கு இடையே இழுத்து எடுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டில் உள்ள எண்ணெய்ப் படலமே பொறியை நிறுத்தப் போதும். புதுப் பொயின்றையும் இப்படித் துடைத்தே ஆக வேண்டும்.

அளவு ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தால் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டைத் தாங்கும் மேல் புஷ் (வளையம்) தேய்ந்திருந்தால் கேமும் சேர்ந்து ஆடும், என்ன செய்தாலும் அளவு நிற்காது.

திரும்பப் பூட்டும்போது தண்டின் கூம்பும் ஃப்ளைவீல் துளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவியின் வெளி விளிம்பு தண்டின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும், கூம்பின் சரிவுக்கு அல்ல. நட் 40 முதல் 45 அடி-இறாத்தல். தளர்வாக விட்டால் சாவி வெட்டுப்பட்டு நேரம் குழம்பும்.

சோதனை: திறந்த இடைவெளிச் சோதனைக் கருவியில் கால் அங்குலத்தைப் பொறி நீலமாகப் பாய வேண்டும். புளக்கை எஞ்சினில் சாய்த்து வைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. 0.030 அங்குலத்தைச் செத்த கொயிலும் சில வேளை தாண்டும். புளக் சாம்பியன் ஜே6சி, இடைவெளி 0.030.

---

தொண்டிக்காரன்

கியர்பாக்ஸ் பத்தி நான் சொல்றேன்.

ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. கியர்பாக்ஸ் பக்கவாட்டுல ஆயில் ஸ்க்ரூவுங்க ஒற்றைக் கோடு போட்ட தலையோட இருக்கும். அதுக்குப் பக்கத்துலயே நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒண்ணு இருந்தா அதைத் தொடவே கூடாது. இந்த வயசு ஓஎம்சி கியர்பாக்ஸ் நிறையவற்றுல அது கியர் மாத்துற நெம்புகோலோட அச்சாணி. கழட்டினா உள்ள நெம்புகோல் விழுந்துடும், அப்புறம் மொத்தத்தையும் பிரிச்சாத்தான் திரும்ப மாட்ட முடியும். ஆயில் மாத்தப் போய் இதுல மாட்டிக்கிறவங்க ஏராளம்.

ஆயில் வெளுத்துப் போச்சுன்னா தண்ணி இறங்குதுன்னு அர்த்தம். வழி பெரும்பாலும் நாலுதான்: ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல், மேல டிரைவ் ஷாஃப்ட் சீல், ஷிஃப்ட் ராடு நுழையற இடத்து ஓ-ரிங், ஆயில் ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கிற வாஷர். வாஷரை மட்டும் மாத்திட்டு "சரியாயிடுச்சு"ன்னு நம்ப வேண்டாம். ப்ரொப்பெல்லரைக் கழட்டி ஷாஃப்ட்டைப் பாருங்க. மீன் நரம்பு சுத்தி சீலை அறுத்திருக்கும், ஏரியில கிடந்த மோட்டருக்கு இது சகஜம். சீல் உதடு உரசற இடத்துல ஷாஃப்ட்டுல பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் நிக்காது. அப்போ சீலை ஒரு மில்லிமீட்டர் முன்ன பின்ன உட்கார வைக்க இடம் இருக்கான்னு பாருங்க.

எல்லாம் போட்ட பிறகு ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி கைப்பம்புல 5, 6 பிஎஸ்ஐ காத்து கொடுத்து, கியர்பாக்ஸைத் தண்ணியில முக்குங்க. குமிழி எங்க வருதோ அங்கதான் கசிவு. ஷாஃப்ட்டையும் சுத்திக்கிட்டே பார்க்கணும், நிக்கும்போது பிடிக்கிற சீல் சுத்தும்போது விடும். ஆயில் 80டபிள்யூ-90 மரைன் கியர் ஆயில். கீழ்த் துளையில இருந்து ஏத்தி, மேல் துளையில குமிழி இல்லாம வழியற வரைக்கும். மேல இருந்து ஊத்தினா காத்து சிக்கிப் பாதிதான் நிறையும்.

தண்ணி பம்புக்குக் கியர்பாக்ஸை இறக்கணும். ஒரேயடியா இழுத்துடாதீங்க, ஷிஃப்ட் ராடோட இணைப்பை முதல்ல விடுவிக்கணும். இம்பெல்லரை உள்ள விடும்போது டிரைவ் ஷாஃப்ட்டை மேல இருந்து பார்த்தா வலஞ்சுழியா சுத்திக்கிட்டே அமுக்குங்க, இதழ் சரியான பக்கம் மடங்கும். பம்ப் உறைக்குள்ளயும் அடித்தட்டுலயும் நகம் மாட்டுற அளவு கீறல் இருந்தா புது இம்பெல்லர் போட்டும் தண்ணி ஏறாது, அதையும் மாத்துங்க. திரும்ப ஏத்தும்போது செம்புத் தண்ணிக் குழாய் பம்போட ரப்பர் வளையத்துக்குள்ள நேரா இறங்கிச்சான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. புது பம்ப் போட்டும் சூடாகுதுன்னு வர்ற புகார்ல பாதி இந்தக் குழாய் வெளியே நிக்கறதுதான். ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் பக்கவாட்டுல மட்டும். தலையில அப்பினா அது மேல இடிச்சுக்கிட்டு முழுசா உட்காராது.

இறுகின ஸ்க்ரூ: அலுமினியத்துல இரும்பு ஸ்க்ரூ இத்தனை வருஷம் இருந்தா பலத்தால வராது. அசிட்டோன், ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ரெண்டையும் சரிபாதி கலந்து ஒரு நாள் விடுங்க. அப்புறம் அலுமினியப் பக்கத்தைச் சூடுபடுத்துங்க, ஸ்க்ரூவை இல்ல. அலுமினியம் இரும்பைவிட அதிகமா விரியும், பிடி தளரும். அசிட்டோன் முழுசா ஆவியாகிப் போன பிறகுதான் தீ. சுத்தியலால அடிச்சுத் திருப்புற இம்பாக்ட் டிரைவர் கைக்கு வந்தா நல்லது. முதல் அசைவு இறுக்குற பக்கமா இருக்கட்டும்.

ப்ரொப்பெல்லர் ஆணி ஒடிஞ்சிருந்தா அதே அளவு, அதே உலோகத்துலதான் மாத்தணும். கையில கிடைச்ச எஃகு ஆணியை வெட்டிச் செருகினா கல்லுல மோதும்போது ஆணிக்குப் பதிலா கியர் பல்லு போகும்.

---

மிதவை

காபுரேட்டரும் ராங்கியும்.

இந்தக் காபுரேட்டரின் மிதவை தக்கையால் செய்து ஷெல்லாக் பூசியது. இன்றைய பெற்றோலில் உள்ள எத்தனோல் ஷெல்லாக்கைக் கரைக்கும், தக்கை பெற்றோலைக் குடித்துக் கனத்துப் போகும், மிதக்காது. மிதவை உயரும்போது பெற்றோல் வழியை அடைக்கும் ஊசி மூடாமல் நீங்கள் சொன்ன மாதிரி வாயால் ஒழுகும். ஊசியை மட்டும் மாற்றினால் ஒழுக்கு நிற்காது. பிளாஸ்ரிக் மிதவையும் ஊசியும் அது அமரும் இருக்கையும் சேர்ந்த கிற் (திருத்தும் பாகத் தொகுதி) வாங்குங்கள். காபுரேட்டரைக் கவிழ்த்துப் பிடித்தால் மிதவை உடலின் விளிம்புக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும்.

கழுவும்போது கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அளவு போய்விடும். காபுரேட்டர் கிளீனரும் காற்றும் மட்டும். மெதுவோட்டத் துளைகளுக்கு மேல் ஒரு சிறு மூடித்தகடு அடித்திருக்கும். அதற்கு அடியில்தான் பிசின் சேரும், கிற்றில் புதிய தகடு வந்தால் பழையதைக் கிளப்பிச் சுத்தம் செய்வது நல்லது. முன்பக்கத்தில் பெற்றோல் அளவைச் சரிசெய்யும் ஊசிகள் இரண்டையும் சுற்றியுள்ள பொதி வோஷர்களையும் மாற்றுங்கள். அவை இறுகிச் சுருங்கியிருந்தால் அதனூடாகக் காற்று இழுத்து, அளவு நிற்காது.

இரண்டு வழி இணைப்பு என்றால் அமுக்க ராங்கி. உங்கள் மோட்டரில் பெற்றோல் பம்பே இல்லை. பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங் அறையின் அமுக்கம் ஒரு குழாயால் ராங்கிக்குப் போய், பெற்றோலை மற்றக் குழாயால் தள்ளும். பழைய ராங்கி கிடைத்தால் மேல்மூடிக் கேஸ்கட், அமுக்கிப் பம்பின் டயஃப்ரம், இணைப்பில் உள்ள ஓ-றிங் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். போட்டதும் வெறும் ராங்கிக்குக் கொஞ்சம் காற்று அடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். இது விளையாட்டில்லை. அமுக்கத்தில் நிற்கும் பெற்றோல் ஒரு வெடிப்பால் வந்தால் ஒழுகாது, பீச்சும். மூடியைத் திறக்கும்போதும் மெதுவாக விட்டுத்தான் திறக்க வேண்டும்.

மூல நிலையிலேயே வைத்திருக்க விரும்பினால் அந்த ராங்கி. ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் பம்ப். என் தெரிவு பம்ப்தான்.

---

ஏரிக்கரையான்

மிக்க நன்றி எல்லாருக்கும். ஃப்ளைவீல் கழற்றியாச்சு. இரண்டு கொயிலும் வெடிப்பு, கீழ்ச் சிலிண்டருடையது துண்டாகவே கழன்று வருது. கியர்பெட்டியில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று உண்மையாகவே இருக்கு. தொடவில்லை, தொண்டிக்காரர் அண்ணைக்குத் தனி நன்றி.

பம்ப் பூட்டுவதென்றால் ராங்கிக்குப் போன காற்றுக் குழாயை அப்படியே பம்பின் துடிப்புக் குழாயில் செருகினால் போதுமா? இணையத்தில் ஒரு காணொளியில் அப்படித்தான் காட்டினார்கள்.

---

மிதவை

போதாது, காணொளிகள் அநேகமாக விட்டுவிடும் இடம் இதுதான். பம்பின் டயஃப்ரம் வேலை செய்ய அமுக்கமும் இழுவையும் மாறி மாறி வர வேண்டும். உங்கள் மோட்டரில் காபுரேட்டருக்குப் பின்னால் உள்ள மனிஃபோல்டில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு தடுப்பு வால்வு இருக்கு. அது அமுக்கத்தை வெளியே விடும், இழுவையைத் தடுக்கும். ராங்கியை ஊதி வைக்க அது சரி, பம்புக்குச் சரிவராது. டயஃப்ரம் ஒரு பக்கமாகத் தள்ளுப்பட்டு அப்படியே நின்றுவிடும்.

தடுப்பு வால்வு இரண்டையும் எடுத்துவிட்டாலும் வேலை செய்யாது. இரண்டு சிலிண்டரும் 180 பாகை மாறி ஓடுபவை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதோடு இரண்டு கிராங் அறைக்கும் இடையே வழி திறந்து எஞ்சினின் ஓட்டமே கெடும். ஆகவே காபுரேட்டரையும் மனிஃபோல்டையும் கழற்றி, ஒரு சிலிண்டரின் வால்வை எடுத்து வழியைத் திறந்து விடுங்கள், மற்றச் சிலிண்டரின் துளையை முழுதாக அடையுங்கள். அடைப்பு பெற்றோலுக்குத் தாங்கும் எப்பொக்சியாகவோ மரை வெட்டிய சிறு திருகாகவோ இருக்கட்டும், உள்ளே கழன்று விழுந்தால் எஞ்சின் போச்சு. கழற்றிய கையோடு ரீட் தகடுகள் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடுகள்) தட்டையாக மூடுதா என்றும் பாருங்கள். மனிஃபோல்ட் கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும்.

பிறகு பழைய காற்றுக் குழாய் பம்பின் துடிப்பு முனைக்கு, பம்பின் வெளிவழி காபுரேட்டருக்கு, உள்வழி காற்றுத்துளை உள்ள சாதாரண ஒருவழி ராங்கிக்கு, இடையில் கையால் அமுக்கும் பல்ப். சிறிய சதுர மிக்குனி வகைப் பம்ப் ஒன்று தாராளம். துடிப்புக் குழாய் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது.

---

சிம்கோ

ஒயில் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இப்போதைய டிசி-டபிள்யூ3 ஒயில் (தண்ணீரில் குளிரும் அவுட்போர்ட்டுக்கான தரம்) 1958 ஒயிலைவிட எவ்வளவோ மேல். 50:1 போட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். 24:1 என்றால் ஏரி முழுக்கப் புகை, புளக்கும் கரி பிடிக்கும்.

---

காந்தச்சில்லு

சிம்கோ, ஒயிலின் தரத்தில் எனக்கும் வழக்கில்லை. ஆனால் விகிதத்தைத் தீர்மானிப்பது பெயரிங். இந்தக் கியூடி வரிசையில் வெண்கலப் புஷ் இருக்கு, ஊசி உருளைப் பெயரிங்குக்குக் காணும் மெல்லிய படலம் புஷ்ஷுக்குக் காணாது. ஓஎம்சி 50:1 க்குப் போனது 1964 மொடல்களோடு. கியூடி அதற்கு முதல் வருடமே முடிந்த வரிசை. 50:1 இல் ஓடி முதல் கோடையில் ஒன்றும் நடக்காது, அதனால்தான் "ஓடுது" என்கிறார்கள். தேய்வு தெரியவரும்போது மேல் புஷ் ஆடும், பொயின்ற் அளவு நிற்காது. அந்தப் புஷ் மாற்ற முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும். ஒயிலில் மிச்சம் பிடிக்கும் இடம் இதில்லை.

ஆகவே 24:1 தான். கணக்கு: 6 லீற்றர் பெற்றோலுக்கு 250 மில்லி ஒயில். 6 அமெரிக்கக் கலன் ராங்கி என்றாலும் 5 இம்பீரியல் கலன் ராங்கி என்றாலும் ஒரே அளவுதான், 22.7 லீற்றர், அதற்கு 950 மில்லி. கனடாவில் செய்த மோட்டரின் பழைய கையேட்டில் கலன் என்று இருந்தால் எந்தக் கலன் என்று பார்த்துக் கலக்குங்கள். அதில் எஸ்ஏஈ 30 கார் ஒயில் என்று இருந்தாலும் இன்று அதைத் தேட வேண்டாம், டிசி-டபிள்யூ3 தான். செயின் சோ ஒயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கு, அதுவும் வேண்டாம். கரி பிடிப்பது நீண்ட நேரம் மெதுவோட்டத்தில் விடுவதால், ட்ரோலிங் (மெதுவாக ஓடியபடி மீன்பிடிப்பது) செய்பவர்கள் இடையிடையே முழு வேகத்தில் கொஞ்சம் ஓட்டினால் சரி. எத்தனோல் இல்லாத பெற்றோல் கிடைத்தால் அதையே போடுங்கள்.

---

தொண்டிக்காரன்

கூடவே ஒண்ணு. எங்க கடற்கரையில மண்ணெண்ணெய்ல ஓடற மோட்டரைப் பார்த்துட்டு இதுலயும் முயற்சி பண்ணலாமான்னு கேக்கறவங்க உண்டு. அதுங்க மண்ணெண்ணெய்க்குன்னே செய்யறவை, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணிச் சூடான பிறகு மாத்தி ஓட்டுவாங்க. இதுல வேண்டாம்.

---

மிதவை

முதல் ஓட்டத்துக்கான குறிப்பு. தோட்டக் குழாயில் பூட்டும் றப்பர்க் காது இதற்குப் பொருந்தாது. தண்ணீர் எடுக்கும் வாய் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் மேலே இருக்கு, காது அங்கே பிடிக்காது. பெரிய குப்பைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான செதில் நன்றாகத் தாழும்படி வையுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தொட்டித் தண்ணீர் வெளியே சிதறாது.

இந்த மோட்டரில் தண்ணீர் பீச்சும் துளை கிடையாது, "தண்ணீர் வரவில்லை" என்று பம்பைத் திரும்பப் பிரிக்க வேண்டாம். காலின் பின்பக்கத்துப் புகைத் துளையால் புகையோடு ஈரத் தூவல் வரும். சிலிண்டர் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறி ஆவியானால் உடனே நிறுத்துங்கள். கை வைத்து இரண்டு மூன்று விநாடி பொறுக்க முடிந்தால் பம்ப் வேலை செய்யுது.

ஊசிகள்: இரண்டையும் மெதுவாக, இறுக்காமல் அடிவரை திருப்பி, வேக ஊசியை ஒரு சுற்று, மெதுவோட்ட ஊசியை ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் ஆக இது போதும். சரியான அளவு தொட்டியில் வராது, ஏரியில் சுமையோடு முழு வேகத்தில்தான் வரும். முதலில் வேக ஊசி. அரைக்கால் சுற்றாக உள்ளே திருப்பி, ஒவ்வொரு முறையும் 10, 15 விநாடி பொறுங்கள். வேகம் விழத் தொடங்கும் அல்லது காபுரேட்டர் தும்மும். அங்கிருந்து திரும்ப வெளியே, மிகச் சீராக ஓடும் இடத்தில் விட்டு, இன்னும் ஒரு சொட்டு வெளியே. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், எனவே ஐமிச்சம் என்றால் கூடின பக்கம் நில்லுங்கள். அது முடிந்த பிறகுதான் மெதுவோட்ட ஊசி.

எவ்வளவு திருப்பியும் நடு வேகத்தில் இழுபட்டால் ஊசியை விட்டுவிட்டு, காந்தத் தட்டின் ஓரத்தில் உள்ள கேமைப் பாருங்கள். கேமில் உள்ள கோடு உருளையின் நடுவுக்கு வரும்போதுதான் த்ரொட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். கொயில் மாற்றத் தட்டைக் கழற்றியவர்கள் இதைத் திரும்பச் சரிபார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டர் பூட்டிய படகுக்கு உரிம இலக்கம் வேண்டும். உங்களுடையது சரியாக 10, எனவே ஏரிக்குக் கொண்டுபோக முதல் அதையும் எடுத்துவிடுங்கள்.